கொக்கி மேட்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி

செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு டவுனுக்குப் போகிற வழியில் கொக்கி மேடு என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. ரோடு போட்டவர்கள் ஏதோ கோபத்தில் இருந்த நாளில் போட்டது போல நிமிர்ந்து, வளைந்து, மறுபடி நிமிரும். தனபாலின் வண்டி அந்த மேட்டில் ஓர் ஆளைத்தான் தூக்கும். அந்த ஓர் ஆள் தனபால். ஆகவே பின்னால் உட்கார்ந்திருக்கும் மலர், கீழ்வளைவு வந்ததும் யாரும் சொல்லாமலே இறங்கிக்கொள்வாள். வண்டி உறுமிக்கொண்டு மேலே போகும். மலர் சோத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். உச்சியில் சில்வர் ஓக் மரத்தடியில் வண்டி இளைப்பாறிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்க வந்து சேர்கிற மலருக்கு இளைப்பாற நேரம் இருக்காது, ஏறி உட்காருவாள்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. மலர் நடக்கிறாள் என்றும் சொல்லலாம்.

"மாப்பிள்ளைக்கு வண்டி இருக்குதான்னு பாத்துத்தான் எங்கூட்ல குடுத்தாங்க" என்பாள் அவள். "வண்டியில எனக்கு எடமிருக்குதான்னு பாக்காம உட்டுட்டாங்க."

வண்டிக்கு வயது பதினெட்டு. முகப்பு விளக்கு வேறொரு வண்டியுடையது, சீட்டு இன்னொன்றுடையது. சாவித் துவாரம் எப்போதோ சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோனதால், ஒயரை வெளியே இழுத்து, பெட்ரோல் டேங்குக்கு அடியில் வீட்டு லைட்டுக்குப் போடுகிற வெள்ளை சுவிட்சு ஒன்றை வைத்திருந்தார்கள். வெடியால, பனி விலகாத காலையில், அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சுவிட்சைப் போட வேண்டும். பிறகு வண்டியை இடது பக்கம், ஹேண்டில்பார் முனை தரையைத் தொடுகிற மட்டும் சாய்க்க வேண்டும். ராத்திரிக் குளிரில் உறைந்து கிடக்கும் பெட்ரோல் கார்புரேட்டரில் ததும்பும் என்பது கணக்கு. பத்து எண்ணி நிமிர்த்தி, உதைக்க வேண்டும். செம்மநத்தத்தில் பழைய வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் காலையில் வண்டியைத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போலச் சாய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பான் தனபால். குறுக்கே வந்தது ஒரு மெஷின்.

ஏரிக்குப் பக்கத்து ஓட்டலில் மலர் ஆறு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தாள். ஐப்பசியில்தான் அவளை ஒரு மாடிக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதே மாசம் புது மேனேஜர் வந்தார். வாசலில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின் ஒன்றை மாட்டினார். ஏழு மணி தாண்டி முகம் காட்டினால் மெஷின் சிவப்பாகிவிடும். மூன்று சிவப்பு விழுந்தால் நாலாவது நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மலருக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்துவிட்டது. முதல் தடவை கார்புரேட்டரில் தூசி. இரண்டாவது தடவை என்ன கோளாறு என்று வண்டிக்கே தெரியவில்லை. ஊருக்கு மினி பஸ் வருவது ஏழேகாலுக்கு. பால் வேன் ஐந்து மணிக்கே போய்விடும். அதில் ஏறிப்போய் ஒன்றரை மணி நேரம் பனியில் நிற்க ஆரம்பித்து மலருக்குச் சளி பிடித்தது. இந்த வருஷம் தனபாலின் தோட்டத்தில் மிளகு பூவோடு உதிர்ந்துபோயிருந்தது. காப்பி விற்று வருவது அடுத்த உரத்துக்குச் சரியாகப் போகும். ஊட்டில் அடுப்பெரிவது மலர் சம்பளத்தில்தான்.

அவள் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தாள். "வண்டிக்கு ஒரு வழி பண்ணிப்போடலாமுங்க" என்றாள். என்ன வழி என்பதில்தான் தகராறு.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை ஜீப்பில் இரண்டு பேரும் டவுனுக்குப் போனார்கள். ஒண்டிக்கடை முக்கில் மெக்கானிக் லோகேஷின் பட்டறை இருந்தது. பழைய வண்டியை அவன் பார்க்க வேண்டிய அவசியமில்லை. நாள்பட்ட நோயாளியின் டாக்டர் மாதிரி, பெயரைச் சொன்னாலே மருந்து எழுதிவிடுவான்.

"இஞ்சினுக்கு போரிங் போட்டு பிஸ்டன் மாத்திரலாமுங்கண்ணா" என்றான். "கார்புரேட்டர் புதுசு. செயின் செட்டு புதுசு. ரெண்டு வீலும் மாத்தி, முன்னால டிஸ்க் பிரேக்கு. ஒயரிங்க பூராவும் உருவிப்போட்டு இழுத்தரலாம். அக்காவுக்கு சொகுசா ஒரு சீட்டு. வண்டி புதுசாட்டம் ஆயிரும்ங்."

தனபாலுக்குக் கண்கள் பளபளத்தன. மலர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பறம் பழசுன்னு என்னுங் தம்பி மிச்சமிருக்கும்?"

லோகேஷ் நேர்மையானவன். மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். "நம்பர் பிளேட்டுங்க்கா" என்றான். "அதையும் பெயின்ட் அடிச்சுக் குடுத்தர்றேன்."

"அப்ப நம்பர் பிளேட்டுக்கோசரம் இத்தனையும் மாத்தறோம்."

"நீ கம்முனு இரு மலரு" என்றான் தனபால். "இந்த வண்டி ஒருநாளும் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல, தெரியுமா."

"ஆமாங்க. நின்னுருவேன்னு நெனச்சா நின்னுரும். தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங். இத்தனையும் பண்ணுனா கொக்கி மேடு ஏறுமா?"

"ஏறும்ங்க்கா."

"ரெண்டு பேரோட?"

லோகேஷ் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ஒல்லியா ரெண்டு பேருன்னா..." என்று இழுத்தான்.

மலர் தனபாலைப் பார்த்தாள். தனபால் சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனி காலண்டரைப் பார்த்தான்.

"அண்ணா, நாஞ் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க" என்றான் லோகேஷ். "நீங்க இதுக்குப் போடற காசுக்கு இன்னுங் கொஞ்சம் சேத்துனா, பேக்கரி முருகேசண்ணன் வண்டியவே எடுத்தரலாம். மூணு வருச வண்டி. அவருக்கு முட்டி வலி, ஸ்கூட்டர் எடுக்கறாரு. ஊட்டுல இருந்து பேக்கரி, பேக்கரில இருந்து ஊடு. வேற எங்கியும் போனதில்லீங். எனக்கு அந்த வண்டியால பத்து பைசா வருமானம் கெடையாது."

மெக்கானிக் ஒருவன் ஒரு வண்டியைப் பற்றி இதைவிட மேலாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

முருகேசன் சேலத்திலிருந்து வந்து டவுனில் பேக்கரி போட்டவர். வண்டியைப் பின்கட்டில் துணி போர்த்தி வைத்திருந்தார். துணியை எடுத்தால் உள்ளே பாலித்தீன், பாலித்தீனை எடுத்தால் வண்டி. சீட்டில் ஷோரூமில் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது.

"ஒரு மூட்டை வேணுமுங்க" என்றான் தனபால்.

"எதுக்குங்க?"

"வண்டி பாக்கறதுக்குங்க."

மலையில் வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. பின்னால் பொண்டாட்டியை ஏற்றி, நடுவில் ஒரு மூட்டையை வைத்து, மேட்டின் பாதி வழியில் நிறுத்தி, அங்கிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் அது வண்டி. பின்னால் உருண்டால் இரும்பு. பக்கத்துக் காப்பி வியாபாரியிடம் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்து தனபால் வண்டியில் கிடத்தியபோது, முருகேசன் மகளைக் கட்டிக்கொடுக்கிற முகத்தோடு நின்றார்.

"ஏனுங்க, அதுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க. பன்னும் ரொட்டியுந்தான் ஏத்தியிருக்கறேன்."

"பழகிக்கும்ங்க" என்றாள் மலர்.

முருகேசனே பட்டனை அமுக்கிக் கிளப்பிக் கொடுத்தார். பேக்கரிக்குப் பின்னாலிருக்கும் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, தனபால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வண்டி ஒரு செருமல்கூடச் செருமாமல் மேலே போனது. தனபாலுக்கு அது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. இவ்வளவு எடையைத் தூக்கினால் ஒரு முனகலாவது முனக வேண்டாமா. இறங்கி வந்து, சுற்றிச் சுற்றி வந்து, டயரை எத்தி, கடைசியில் ஒரு குறை கண்டுபிடித்தான்.

"ஹாரன் சத்தம் பத்தலீங்க."

"பேக்கரிக்குப் போறதுக்கு எதுக்குங்க சத்தம்" என்றார் முருகேசன்.

காகிதங்களில் கையெழுத்தானது. முருகேசனின் மனைவி காமாட்சி இரண்டு தேங்காய் பன்னைக் காகிதத்தில் சுற்றி மலர் கையில் கொடுத்தாள். முருகேசன் கடைசியாக ஒரு தடவை சீட்டைத் துடைத்துவிட்டார்.

பொழுதோட ஊர் திரும்பினார்கள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. கொக்கி மேட்டுக் கீழ்வளைவில் தனபால் வேகத்தைக் குறைத்து வளைத்தான், நிமிர்ந்த ஏற்றத்தில் முறுக்கினான், வண்டி சரசரவென்று போனது. அவனுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பாத்தியா மலரு" என்றான். "மூணாவது கியரு. ரெண்டு பேரு. இப்ப என்ன சொல்ற."

பதில் இல்லை.

"அட, வாங்குனது நல்லதுன்னுதான் சொல்லேன். எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நாந்தான் புடிவாதம் புடிச்சேன், ஒத்துக்கறேன். பதினாலு வருசமா உன்னைய நடக்க உட்டதுக்கு எனக்கும் மனசுல இருக்குது. சொன்னதில்ல, அவ்வளவுதான்."

இப்படிப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மேட்டு உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். சீட்டில் மலர் இல்லை. கீழே, பனிக்குள்ளே, பன் பொட்டலத்தோடு அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள். வளைவில் வண்டி மெதுவானதும் பதினாலு வருஷப் பழக்கத்தில் இறங்கிவிட்டிருந்தாள்.

"எங்கால் எறங்கிப்போச்சுங்க, நா என்ன பண்ணட்டும்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னமோ பேசிட்டுப் போனீங்களே, என்னங்க?"

"ஹாரன் மாத்தோணும்னு சொன்னேன்" என்றான் தனபால்.

திரும்பக் கீழே போய், அவளை ஏற்றிக்கொண்டு, மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்று தனபால் டேங்குக்கு அடியில் சுவிட்சைத் தேடினான். மலர் எட்டிச் சாவியைத் திருப்பி உருவி, பணப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மலர் தயாராகிவிட்டாள். முந்தின நாள் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் பையில் இருந்தன. காப்பிச் செடிகளின் இலைநுனியில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. வெல்லக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுத் தனபால் சாவியை வாங்கினான். வண்டியின் மேல் கை வைத்தால் சில்லென்றிருந்தது. இந்தக் குளிரில் பட்டனை நம்புவது நல்ல ஓட்டுகிறவனுக்கு அழகில்லை. சாவியைப் போட்டான். இடது பக்கம், ஹேண்டில்பார் முனை தரையைத் தொடுகிற மட்டும் சாய்த்தான். பத்து எண்ணினான். நிமிர்த்தி உதைத்தான்.

வண்டி கிளம்பவில்லை.

பட்டனை அமுக்கினான். கிர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. சரி, பெட்ரோல் போதவில்லை என்று மறுபடி சாய்த்தான், இந்தத் தடவை இருபது எண்ணினான்.

ஆறு மணிக்கு எதிரூட்டுச் சின்னன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். தனபாலுக்குச் சித்தப்பா முறை.

"சாச்சியா சாமி?"

"சாச்சேனுங்க சித்தப்பா."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கந்தான்."

"புது வண்டியில வலது பக்கமா இருக்கும், சாச்சுப் பாரு."

வலது பக்கமும் சாய்த்தார்கள். மேல்காட்டு அம்மாசி வந்தார். "நீங்க சாக்கறது பத்தாது, படுக்க வெக்கோணும்" என்றார். படுக்க வைத்தார்கள். மூன்று பேர் சேர்ந்து படுக்க வைத்து, மூன்று பேர் சேர்ந்து தூக்கி, முறை வைத்து உதைத்தார்கள். வண்டி இவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தது.

"கீழ்நாட்டு வண்டி, கண்ணு" என்றார் சின்னன். "பேக்கரிச் சூட்டுல வளந்தது. நம்ம பனி ஆவாது."

"ஏமாத்திப்போட்டானாட்டம் இருக்குது" என்றார் அம்மாசி.

தனபால் நிமிர்ந்தான். மரத்தடியில் பழைய வண்டி நின்றுகொண்டிருந்தது. போய் வெள்ளை சுவிட்சைப் போட்டு, சாய்க்காமலே, சும்மா ஓர் உதை உதைத்தான். ஒரே உதையில் கிளம்பியது. பதினெட்டு வருஷத்தில் ஒரு மார்கழியிலும் அது அப்படிக் கிளம்பியதில்லை.

அந்தச் சத்தத்தில் தனபாலுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் அப்பவே சொன்னேன் என்கிற சந்தோஷம். சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதே சிரிப்போடு திரும்பி மலரைப் பார்த்தான்.

மலர் வாசலில் செருப்போடு நின்றாள். நீல சூப்பர்வைசர் சேலை. கையில் செல்போன், அதில் மணி ஆறு இருபது. அவள் திட்டவில்லை. பழைய வண்டியையும் புது வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று கிளம்பும், ஏழு மணிக்குப் போய்ச் சேராது. இன்னொன்று போய்ச் சேரும், கிளம்பாது. அவள் முகத்தைப் பார்த்ததும் தனபாலின் சந்தோஷம் பாதி வழியிலேயே செத்துப்போனது. தான் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது. பழைய வண்டியை அணைத்தான்.

"முருகேசண்ணனுக்கு ஒரு போனு போடுங்க" என்றாள்.

"என்னத்தப் போட்டு? வித்தவன் என்ன சொல்லப்போறான்? குடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சுன்னுவான்."

"நீங்க போட வேண்டாம். நான் போடறேன்."

செம்மநத்தத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். மலர் சேலையைச் சொருகிக்கொண்டு தொட்டிப் படியில் ஏறினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைத்தாள். ரொட்டி அடுப்பின் சத்தத்துக்கு நடுவில் முருகேசன் குரல் வந்தது.

"சொல்லுங்கம்மா. வண்டி எப்படி இருக்குதுங்க? தூங்குச்சா நல்லா?"

"எந்திரிக்க மாட்டேங்குதுங்கண்ணா. நீங்க வெடியால எப்படிங்க கெளப்புவீங்க?"

"சாவியப் போடுவேனுங்க. பட்டன அமுக்குவேனுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் பேக்கரிக்குப் போவேனுங்க."

கீழேயிருந்து தனபால் கையைக் குவித்துக்கொண்டு கேட்டான். "எத்தன எண்ணுற வரைக்கும் சாப்பீங்க?"

"என்னதுங்க?"

"வண்டிய. கெளப்பறதுக்கு முன்னால எத்தன எண்ணுற வரைக்கும் சாச்சு வெப்பீங்க?"

"வண்டிய எதுக்குங்க சாக்கோணும்?" என்றார் முருகேசன். பிறகு சந்தேகம் வந்தவராக, "சாச்சீங்களா?" என்றார்.

சின்னன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எத்தன தடவைங்க?"

"பதினெட்டு இருக்கும்ங்க" என்றான் தனபால்.

"அட கடவுளே. ஏனுங்க, அதுல ஒரு சென்சார் இருக்குதுங்க. ஷோரூம்ல சொன்னாங்க. வண்டி சாஞ்சா, ஆக்ஸிடென்ட் ஆயி உளுந்துட்டம்னு அதுவா நெனச்சுட்டு பெட்ரோல நிறுத்திக்கும். தீப்பிடிக்காம இருக்கறதுக்குங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நேரா நிறுத்திப்போட்டு, சாவிய ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணுங்க. பட்டன மட்டும் அமுக்குங்க. வேற யாரும் தொடாதீங்க."

சாவியை ஆஃப் செய்வது. இத்தனை நேரமும் அந்த ஒன்றைத்தான் யாரும் செய்திருக்கவில்லை. சாவி என்பதைத் திரும்பவும் திருப்பலாம் என்பதே தனபாலுக்கு மறந்துபோயிருந்தது. விடிந்ததிலிருந்து பதினெட்டு விபத்துகளைச் சந்தித்து, ஒவ்வொன்றிலும் ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்த வண்டியை அவன் நேராக நிறுத்தினான். சாவியை ஆஃப் செய்தான். ஆன் செய்தான். பட்டனை, தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுவது போல, அமுக்கினான்.

வண்டி கிளம்பியது. அவ்வளவு மெதுவான சத்தம். கிளம்பிவிட்டதா என்று அம்மாசி குனிந்து சைலன்சரில் கையை வைத்துப் பார்த்தார்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் சின்னன்.

மலர் தொட்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து ஏறினாள். மணி ஆறு இருபத்தொன்பது. பனிக்குள் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து விலகின. காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு ஓரம் ஒதுங்கினார்கள். கொக்கி மேட்டுக் கீழ்வளைவு வருகிறபோது தனபால் இடது கையைப் பின்னால் விட்டு, மலரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒற்றைக் கையால் மேட்டை வளைப்பது ஆபத்தானது. ஆனால் அவள் மறுபடி இறங்கிவிட்டால் அதைவிட ஆபத்து. "உடுங்க, எறங்க மாட்டேன்" என்றாள் அவள். அவன் விட்டது மேட்டு உச்சி தாண்டித்தான்.

ஓட்டல் வாசலில் மலர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே உள்ளே ஓடினாள். தனபால் வண்டியில் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். மெஷின் பெண்குரலில் ஏதோ நன்றி சொன்னது. சிவப்பானால் அது நன்றி சொல்லாது என்று மலர் முன்பே சொல்லியிருந்தாள்.

மலர் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஆறு அம்பத்தாறுங்க" என்றாள். நாலு நிமிஷம் மிச்சம். அந்த நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். பிறகு, "ஏனுங்க, ஏன் இன்னம் உறுமீட்டே நிக்கறீங்க? ஆஃப் பண்ணுங்க" என்றாள்.

"திருப்பிக் கெளம்பலீன்னா?"

"கெளம்பாட்டிப் போகட்டும். நான் வந்து சேந்துட்டனில்ல."

தனபால் யோசித்துப் பார்த்தான். அது உண்மைதான். இனி ராத்திரி வரைக்கும் இந்த வண்டி எழுந்திருக்காவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. சாவியைத் திருப்பினான். ஏரிப் பக்கமிருந்து பறவைச் சத்தம் கேட்டது. மலர் உள்ளே போய், ஓட்டல் கோப்பையில் ஒரு டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மாடிக்குப் போனாள். அவள் படியேறுவதை அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல் ஏறினாள்.

டீ சூடாக இருந்தது. பனி மெல்ல விலகி, அக்கரையில் வெயில் விழுந்தது. தனபால் மதில் ஓரமாக உட்கார்ந்து நிதானமாகக் குடித்தான். கேட்டைத் திறந்துவிட வந்த வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னுங் தனபாலு, இங்கியே உக்காந்துட்டீங்க? வழக்கம்போல வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்க."

சொல்லிப் பார்த்ததில் அது வாய்க்கு நன்றாக இருந்தது. வாட்ச்மேன் போய்விட்டார். இன்னொரு மடக்கு டீ குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே அதை இன்னொரு தடவை சொன்னான்.